கொம்பக்கா குத்தாத டயர்

விருத்தாசலத்தில் வெயில் அதிகம் என்று சொல்பவர்கள் கொம்பக்காவைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அந்த ஊரின் சூட்டில் பாதி செராமிக் சூளைகளிலிருந்து வந்தது, மீதிப் பாதி அந்த அம்மாளின் வாயிலிருந்து வந்தது. காலையில் எழுந்ததும் யாரையாவது நாலு வார்த்தை திட்டவில்லை என்றால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. திட்ட ஆள் கிடைக்காத நாளில் பல்பொடியைத் திட்டுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் நம்புகிறேன். ஒருமுறை நின்றுபோன மின்விசிறியை அவர் கேட்ட கேள்வியில் அது தானாகச் சுற்ற ஆரம்பித்ததை நானே பார்த்திருக்கிறேன். கரண்ட் வந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

எனக்கும் கோபம் வரும். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது தெரியும். ஆனால் நான் படுகிற கோபமெல்லாம் கொம்பக்காவிடம் நாலு வருடம் மாட்டிக்கொண்டு முழித்ததில் ஒட்டிக்கொண்ட மிச்சம்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மை கம்பெனியில் எனக்கு டைம் ஆபீஸ் வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். உலகத்தில் யாருக்கும் பிடிக்காத வேலை. கொம்பக்காவுக்கு அங்கே கொம்பு ஒட்டுகிற வேலை. அச்சில் வார்த்து எடுத்த மண் காளைகளின் தலையில், ஈரம் காய்வதற்கு முன்பு, தனியாக வார்த்த கொம்புகளைக் குழைத்த மண் தொட்டு ஒட்ட வேண்டும். அவர் ஒட்டிய கொம்பு சூளைக்குள் போய் வெளியே வந்தாலும் அசையாது. மற்றவர்கள் ஒட்டினால் பாதிக் காளை மொட்டையாக வரும். அதனால் அந்தப் பெயர். வீட்டில் வைத்த பெயர் என்னவென்று வருகைப் பதிவேட்டில் நானே தினமும் எழுதியிருக்கிறேன். இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. கொம்பக்கா என்றால் கொம்பக்காதான்.

சண்டை ஒரு பாதையில் ஆரம்பித்தது. வேப்பூர் ரோட்டுப் பக்கத்து கிராமங்களிலிருந்து சைக்கிளில் வருகிற பெண்கள், பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தால் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்வார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று வந்து நின்றுவிட்டால் கம்பெனி சங்கு ஊதியே போய்விடும். சங்கு ஊதிவிட்டால் எங்கள் மேனேஜர் கேட்டை மூடச் சொல்லிவிடுவார். வெளியே நிற்பவர்களுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. எனவே எல்லாரும் எஸ்டேட்டின் பின்பக்கக் குறுக்குப் பாதையில்தான் வந்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான் குடியிருந்தேன். மழை பெய்தால் அந்தப் பாதையில் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் கொம்பக்கா முழங்கால் வரை சேற்றோடு நேராக மேனேஜர் அறைக்குள் போனார். புதிதாகப் போட்ட தரை விரிப்பின் நடுவில் நின்றுகொண்டு சொன்னார்.

"சார், ரோட்ட நான் கையோட கொண்டாந்துட்டேன். பாத்துக்குங்க. இன்னைக்கு ரொப்புறேன்னு சொன்னாதான் இந்த எடத்த வுட்டு நவுருவேன்."

விரிப்பைக் காப்பாற்றுவதற்காக மேனேஜர் உடனே சம்மதித்தார். சம்மதித்த வேகத்தைப் பார்த்தே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் பாதை நிரம்பிவிட்டது. எதனால் நிரப்பினார் என்கிறீர்கள்? கம்பெனிக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடந்த உடைசல்களால். சூளையில் வெடித்த கோப்பை, கோணிய தட்டு, காதறுந்த குதிரை, கழுத்தறுந்த செட்டியார் பொம்மை எல்லாம் பாதைக்குப் போய்விட்டன. குப்பையும் ஒழிந்தது, பாதையும் ஆயிற்று. தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டித் திறப்புவிழா வேறு. வெயில் பட்டு அந்தப் பாதை அப்படி மின்னியது. பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். செருப்போடு மிதிக்க மனசு வராமல் சிலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பீங்கான் ஊரில் பிறந்து வளர்ந்து, பீங்கானிலேயே வேலை பார்த்து, உடைந்த பீங்கான் என்ன செய்யும் என்பதை அத்தனை பேரும் அன்றைக்கு மறந்துபோனார்கள். கொம்பக்கா உட்பட.

அவர் கவனித்தது வேறொன்றை. பாதி தூரம் நடந்தவர் அலறினார்.

"அய்யய்யோ, புள்ளையாரு தல கெடக்குது! சாமி தல மேல சைக்கிள ஏத்தச் சொல்றியா நீயி?"

அந்த 'நீயி' மேனேஜருக்குத்தான். அன்று மதியம் வரை வேலை நடக்கவில்லை. பாதையில் கிடந்த பிள்ளையார் தலைகளை எல்லாம் பொறுக்கி ஒரு வேப்பமரத்தடியில் அடுக்கினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ மஞ்சள் துணி சுற்றி விளக்கேற்றியிருந்தார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை உண்டியல் வந்துவிட்டது.

பிள்ளையார் தப்பித்தார். டயர்கள் தப்பவில்லை. திங்கட்கிழமை காலை அந்த வெள்ளைப் பாதையில் கேட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உஸ், உஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக. என்னுடையதும் அதில் ஒன்று. பஞ்சர் ஒட்டிக்கொண்டு மறுநாள் வந்தால் மறுபடி உஸ். மூன்றாவது தடவை பஞ்சர் கடைக்காரன் ட்யூபைத் தூக்கிக் காட்டி, "இதுல ஒட்டுறதுக்கு எடமே இல்ல சார்" என்றான்.

பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன அத்தனை பேரும் கொம்பக்காவைத் திட்டினார்கள். "நல்லா ரோடு கேட்டு வாங்கிக் குடுத்த போ" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் முகம் சூளைக் கதவு மாதிரி சிவந்ததை நான் பார்த்தேன்.

எல்லாரையும் விட அதிகம் அடிபட்டவள் செல்வி. அச்சிலிருந்து பொம்மை எடுக்கிற பெண், சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. இவள் சம்பளம் வந்தால்தான் அடுப்பு எரியும். அவளுடைய சைக்கிள் டயர் தலையில் முடி இல்லாத தாத்தா மாதிரி வழவழவென்று இருக்கும். அடிக்கடி பஞ்சராகி, அடிக்கடி கேட்டுக்கு வெளியே நின்றாள். ஒருநாள் மேனேஜர் என் முன்னால் வைத்தே சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ லேட்டுனு இவர் எழுதினார்னா, நீ வேற எடம் பாத்துக்கம்மா." அவர் சொன்னதற்கு என்னைச் சாட்சியாக வைத்ததில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. செல்வி அழவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே கொம்பக்கா என்னையும் செல்வியையும் இழுத்துக்கொண்டு கடைவீதி பாய் கடைக்குப் போனார். எங்களுக்கு டயர் தேர்ந்தெடுத்துத் தருகிற பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.

முதலில் வாங்கியது இருப்பதிலேயே மலிவான டயர். பளபளவென்று புது செருப்பு மாதிரி இருந்தது. அந்தப் பளபளப்பு எல்லாம் மேலே தடவிய பூச்சு என்பது நாலே நாளில் தெரிந்தது. பக்கவாட்டில் வெடித்து, உள்ளேயிருந்து ட்யூப் நாக்கு மாதிரி எட்டிப் பார்த்தது. கொம்பக்கா அந்த டயரைக் கழற்றி மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு கடைவீதி முழுக்க நடந்து பாய் கடைக்குப் போனார். பாய் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி மறைந்துபோகப் பார்த்தார். அவர் உடம்புக்கு அது முடியவில்லை.

அடுத்து, இருப்பதிலேயே தடியான டயர். மூட்டை கட்டி ஓட்டுகிற சைக்கிள்களுக்குப் போடுவார்களே, அது. "தடியா இருந்தா எது குத்தும்?" என்றார் கொம்பக்கா. குத்தவில்லைதான். ஆனால் சைக்கிள் நகரவும் இல்லை. அதை மிதித்து வந்த செல்வி கேட்டுக்குள் நுழைந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தொடை இரண்டும் மறுநாள் வேறு யாருடையதோ மாதிரி இருந்தன. அது மட்டுமில்லை. அந்த டயரில் பெரிய பெரிய பொத்தான் மாதிரி மேடுகள், நடுவே ஆழமான பள்ளம். பீங்கான் துண்டு அந்தப் பள்ளத்துக்குள் போய்ச் சொகுசாக உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். ஒரு வாரம் கழித்து, நாம் தார் ரோட்டில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது உஸ் என்னும். பாதையில் வாங்கிய குத்துக்கு ரோட்டில் அழவேண்டியிருந்தது.

மூன்றாவது தடவை கொம்பக்கா பாய் கடைக்குப் போனபோது மடியில் ஒரு பொருளை முடிந்துகொண்டு போனார். சூளையில் சுட்டு, நுனி உடைந்து கூர்மையாகிப்போன காளைக் கொம்பு ஒன்று. கடையில் தொங்கிய ஒரு டயரை இறக்கினார். பக்கவாட்டைக் கிள்ளினார். முகர்ந்தார். இரண்டாக மடக்கிப் பிடித்து உள்ளே இருக்கிற நூல் நெருக்கமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கொம்பை எடுத்து ஒரே குத்து.

பாய் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"யம்மா! இன்னும் போணியே ஆவல, புது டயர ஓட்ட போடறியே! ஒனக்கு மூள கீள இருக்குதா?"

"ஓட்டை வுழுந்தா நல்லதுன்னு நெனச்சிக்குங்க பாய். இங்க வுழுவாம அங்க வுழுந்தா நான் இன்னொரு தடவ வருவேன். பரவால்லியா?"

பாய் யோசித்தார். பரவாயில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"வாங்குற மாதிரி இருந்தா குத்தும்மா."

"குத்தாம எப்புடி பாய் வாங்குறது? எளநி வாங்குறப்ப தட்டிப் பாக்கமாட்டீங்களா?"

"தட்டுவேன். குத்துவனா?"

அந்தக் கடையில் தொங்கிய டயர்களில் முக்கால்வாசி அன்றைக்குக் குத்துவாங்கின. கொம்பு இறங்கியதும் 'ச்சீ' என்று எறிவார், அடுத்ததை எடுப்பார். கடைசியில் ஒன்றில் கொம்பு இறங்க மறுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் செய்த பிரசங்கத்தை இன்றைக்கு டயர் வாங்கப் போகிற யாருக்கும் நான் அப்படியே சிபாரிசு செய்வேன்.

"இங்க பாரு தம்பி. நடுவுல ஒரே கோடா வழவழன்னு இருக்குது பாரு, இது தார் ரோட்டுக்கு. மிதிக்கத் தொந்தரவு இருக்காது. ரெண்டு ஓரத்துலயும் சின்னச் சின்னப் பொத்தானு, பள்ளம் ஆழமில்ல. இது சரளைக்கு. கல்லு புடிச்சிக்கினு உக்காராது. ஓரத்தக் கிள்ளுனா மெத்துன்னு இருக்குது, வெறைப்பா இருந்தா வெடிச்சிடும். நூலு நெருக்கமா இருக்குது. ரொம்பத் தடியும் இல்ல, ரொம்ப மலிவும் இல்ல. ஒரே ஒரு விசயம், காத்த மட்டும் கல்லு மாதிரி அடிக்காத. வெறச்ச டயரத்தான் துண்டு வெட்டும். வெரல வெச்சா லேசா அமுங்கணும். ஒம்மாதிரி ஆபீசு ஆளுங்கதான் பலூன் மாதிரி அடிச்சிக்கினு வந்து சாவுறது."

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு உபயோகமாக இருந்தது.

செல்விக்கு முதலில், பிறகு எனக்கு, பிறகு அந்தப் பாதையில் வருகிற எல்லாருக்கும் அதே டயர். பாய் கடையில் அந்தச் சரக்கு தீர்ந்து மறுபடி வந்தது. குத்துவாங்கியும் தாங்கிய அந்த முதல் டயரைப் பாய் கடை வாசலில் தொங்கவிட்டு, 'கொம்பக்கா குத்திப் பார்த்தது' என்று அட்டையில் எழுதிவைத்தார். கொம்பக்கா போய் அட்டையைக் கிழித்தார். மறுநாள் வேறு அட்டை தொங்கியது.

உஸ் சத்தம் நின்றது. பழைய டயர்கள் அவரவர் வீட்டு ஓலைக்கூரை மேல் பாரத்துக்கு ஏறிவிட்டன. செல்வி சங்கு ஊதுவதற்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பாள். இங்கேயே கதையை முடித்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் கொம்பக்காவுக்கு அந்தப் பாதை இன்னும் தொண்டையில் குத்திக்கொண்டிருந்தது. நடந்து வருகிறவர்களின் காலை அது வெட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் மறுபடி மேனேஜரிடம் போய், உடைசலை அள்ளிவிட்டுச் சரளை கொட்டச் சொன்னார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இந்த மாசம் எத்தன பேர் லேட்டு?"

ஒருவரும் இல்லை என்றேன். உண்மை அதுதானே?

மேனேஜர் கொம்பக்காவைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? நல்ல டயர் போட்டா பஞ்சர் ஆகல. ரோட்டுல என்ன கோளாறு? இத்தன நாளா உங்க டயர்லதான் கோளாறு."

ஒரு ஆள் அலைந்து திரிந்து, ஊர் வாயில் விழுந்து, கடைக்காரரோடு மல்லுக்கட்டி நல்ல டயர் கண்டுபிடித்தால், அதையே எடுத்து அவர் முகத்தில் அடிக்கிற சாமர்த்தியம் இருக்கிறதே, அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள் போலிருக்கிறது. கொம்பக்கா ஒன்றும் பேசாமல் வெளியே வந்தார். பேசாத கொம்பக்காவை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

சில நாள் கழித்து, சாயங்காலம் சைக்கிள் ஷெட்டில் பெண்கள் அவரைச் சுற்றி நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. செல்விதான் வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள். அன்று மாலை வார்த்த காளைகள் ஈரத்துணிக்குள் இருக்கின்றன, வெளியூர் வியாபாரிக்குப் போகவேண்டிய அவசரச் சரக்கு. காலையில் வந்ததும் கொம்பு ஒட்டியாக வேண்டும். அந்தக் காலையில் எல்லாரும் கூரை மேல் கிடக்கிற பழைய டயரை இறக்கி மாட்டிக்கொண்டு வரப்போகிறார்கள்.

"யாரும் லீவு போடல, யாரும் கோஷம் போடல" என்றார் கொம்பக்கா. "நேரத்துக்குக் கெளம்புவோம். அவுரு ரோடு எங்கள எப்பக் கொண்டாந்து வுடுதோ, அப்ப வருவோம்."

"செல்வி வேணாம்க்கா" என்றேன். "இன்னொரு தடவ லேட்டுன்னா அவளுக்கு வேல போயிடும்."

"அதத்தான் நானும் சொல்றேன். இவ கேக்குறாளா?"

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குதான் மொதல்ல டயரு வாங்கிக் குடுத்தீங்க. நான் மட்டும் அதுல சொகுசா உள்ள போயி உக்காரணுமா? நானும் மொட்ட டயருலதான் வருவேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொம்பக்கா முன்னால் நிறுத்தினேன். என் பழைய டயரை நான் எப்போதோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருந்தேன்.

"என்கிட்ட பழசு இல்லக்கா. இத இப்பவே குத்துங்க. நானும் தள்ளிக்கினு வரேன்."

கொம்பக்கா மடியிலிருந்து கொம்பை எடுத்தார். என் பின் டயரில் வைத்தார். அழுத்துவார் என்று காத்திருந்தேன். பிறகு கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"காத்து அதிகமா இருக்குது. கொஞ்சம் எறக்கு" என்றார். "நீ நாளைக்கு எங்களுக்கு முன்னாடி போயிடு."

"ஏன்க்கா, என்னைய நம்பலியா?"

"ஆமாம்டா, நம்பல. போ. ஆபீசுக்காரன் ஆபீசுக்காரனாட்டம் வந்து ஒக்காரு. நாங்க வந்து சேர்ற நேரத்த ஒருத்தன் எழுத வேணாமா?"

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. நாலு வருடம் பழகிய பிறகும் என்னை மேனேஜரின் ஆளாகவே நினைக்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை அந்த வெள்ளைப் பாதையில் தனியாகப் போனேன். அவர் தேர்ந்தெடுத்த டயர் ஒரு முனகல்கூட இல்லாமல் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சனியன்.

சங்கு ஊதியது. கேட் மூடியது. என் பதிவேட்டில் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருவர்கூட இல்லை. ரொம்ப நேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். வரிசையாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சக்கரங்கள் தொளதொளவென்று தரையில் அடித்துக்கொண்டு. முன்னால் கொம்பக்கா. கல்யாணத்துக்குச் சீர்வரிசை கொண்டுவருகிறவர்கள் மாதிரி நிதானமான நடை.

மேனேஜர் கேட்டுக்கு ஓடிவந்தார். உள்ளே காளைகள் ஈரத்துணிக்குள் காய்ந்துகொண்டிருந்தன. முழுக்கக் காய்ந்துவிட்டால் பிரம்மா வந்தாலும் கொம்பு ஒட்டாது.

"என்னம்மா இது? ஸ்ட்ரைக்கா?"

"பஞ்சரு சார்" என்றார் கொம்பக்கா. "ரோட்டுல கோளாறு இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க. எங்க டயருலதான் ஏதோ கோளாறு. ஒட்டிக்கினு நாளைக்கி வரோம்."

மேனேஜர் கேட்டைத் திறக்கச் சொன்னார். எல்லாரும் உள்ளே வரலாம் என்றார். பிறகு மேனேஜர் என்பதற்கு ஏதாவது மிச்சம் வேண்டுமே, செல்வியைப் பார்த்து விரலை நீட்டினார். "இந்தப் பொண்ணு மட்டும் வேணாம். இதுக்கு ஏற்கெனவே சொல்லியாச்சு."

செல்வி சைக்கிளைத் திருப்பினாள். அவள் முகத்தை அப்போது நான் பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை. கொம்பக்கா சைக்கிளை கேட்டில் சாய்த்துவிட்டு எதிரே இருந்த சிறு பாலத்துக் கட்டையில் போய் உட்கார்ந்தார். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். கொம்பக்கா தூக்குவாளியைத் திறந்து பழைய சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கடி மாங்காய். அப்படி ரசித்து ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"காளை காயுதும்மா!" என்றார் மேனேஜர்.

"காயட்டும் சார். கொம்பு இல்லாம சுட்டு கழுதைன்னு வித்துக்குங்க."

என் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, செல்வி உள்ள போகட்டும். எல்லாரும் போங்க."

"சரளை?"

"போட்டுடலாம்."

"போன் போடுங்க. எங்க காதுல வுழுவட்டும். அன்னைக்கு ரோடு போடறேன்னுதான் சாமி தலைய கொட்டினீங்க."

மேனேஜர் அப்போதுதான் புதிதாக ஒரு செல்போன் வாங்கியிருந்தார். அதில் அவர் பேசிய முதல் உருப்படியான பேச்சு, சரளை லாரிக்காரரிடம் அத்தனை பெண்கள் முன்னால் பேசியதுதான். சிக்னல் சரியாகக் கிடைக்காமல் 'பொடிச் சரளை, பொடிச் சரளை' என்று கத்தினார். பேசி முடித்ததும் கொம்பக்கா கை கழுவினார், வாயைக் கொப்பளித்தார், செல்வியை முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அன்று அவர் கை ஓடிய ஓட்டத்தில் முக்கால்வாசிக் காளைகளுக்குக் கொம்பு ஏறிவிட்டது. காய்ந்துபோன மிச்சத்தைக் கொம்பு முளைக்காத கன்றுக்குட்டி என்று விற்றார்கள். அது காளையைவிட வேகமாக விற்றது. மேனேஜர் அதைத் தன்னுடைய யோசனை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உடைசலை அள்ளிவிட்டுப் பாதையில் சரளை கொட்டினார்கள். முதல்நாள் அதில் சைக்கிள் ஓட்டிவந்த கொம்பக்கா இறங்கியதும், கல் பெரிசு என்று லாரிக்காரரைத் திட்டினார். அப்போதுதான் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

நான் மட்டும் கொம்பக்காவிடம் முறைத்துக்கொண்டே இருந்தேன். அவரிடம் பேசவில்லை. ஒருநாள் செல்விதான் கேட்டைத் தாண்டும்போது நின்று சொன்னாள்.

"அக்கா மேல கோச்சிக்காதீங்க சார். நீங்களும் தள்ளிக்கினு வந்திருந்தா, மேனேஜரு மொத வேலையா உங்களத்தான் நிறுத்தியிருப்பாரு. எங்கள உள்ள வுடாம அவுருக்கு வேல நடக்காது, உங்கள மாதிரி எழுத ஆயிரம் பேரு கெடைப்பாங்க. 'அந்தத் தம்பிக்குக் கொம்பும் இல்ல, கொம்பு ஒட்டவும் தெரியாது, அவன வுட்டுடுங்கடி'ன்னு அக்கா அன்னைக்கே எங்ககிட்ட சொல்லிட்டாங்க."

இதைக் கேட்டு என் கோபம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, கூடிவிட்டது. என்னைக் காப்பாற்ற இவர் யார்? அந்தக் காலை வரிசையில் எல்லாரும் தொளதொளத்துக்கொண்டு நடந்து வந்தபோது நான் மட்டும் கேட்டுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வரிசையில் கடைசியாக எனக்கு ஒரு இடம் இருந்தது. அதைக் கொடுக்காமல் போய்விட்டார்.

பிறகு நான் வேலை மாறி சென்னைக்கு வந்தேன். சைக்கிளும் கூடவே வந்தது. அவர் தேர்ந்தெடுத்த அந்த டயர் கோடு அழிந்து, பொத்தான் தேய்ந்து, நூல் தெரிகிற வரைக்கும் ஓடியது. ஒருநாளும் பஞ்சரானதில்லை. காற்றடிக்கக் குனியும்போதெல்லாம் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

ஒரே ஒரு குத்து குத்தியிருக்கலாம், அக்கா. நானும் உங்கள் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்திருப்பேன்.